கடுவனா என்று மட்டும் கேட்ட காலம்

வைக்கோல் போர் மறைவில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்றால் தெருப்பிள்ளைகளுக்கு அன்று பள்ளிக்கூடம் மறந்துபோகும். குட்டிகள் கண் திறப்பதற்குள் எது யாருக்கு என்று பேசி முடித்திருப்பார்கள். தாய் இரை தேடிப் போகும் நேரம் பார்த்து ஒருவன் குனிந்து குட்டியின் பிடரியைப் பிடித்துத் தூக்குவான். கத்தாமல் தொங்கினால் கெட்டியான குட்டி, கத்தினால் சவலை. நகத்தை எண்ணிப் பார்க்கும் பெரியவர்களும் உண்டு. அதற்கு மேல் ஒரே கேள்விதான்: கடுவனா, பெட்டையா?

கடுவன் என்றால் அன்று மாலையே ஏதோ ஒரு வீட்டு வாசலில் சணல் கயிற்றில் கட்டுண்டு கிடக்கும். மணி, டைகர், ஜிம்மி, கருப்பன் என்று ஊருக்கு வழக்கமான நாலைந்து பெயர்களில் ஒன்று அதற்கு வரும். ராத்திரி முழுக்கத் தாயைத் தேடி அது அழுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் பார்த்து வாலாட்டிவிட்டால் அது வீட்டு நாய். மிஞ்சிய கஞ்சி, குழம்பு ஊற்றிப் பிசைந்த பழையது, கறி எடுத்த அன்று எலும்பு. திண்ணை வரைக்கும் அதற்கு உரிமை; நடையைத் தாண்டினால் விளக்குமாறு.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நாய்க்குக் கிடைத்த சில சுகங்கள் இன்றைய நாய்க்குக் கிடையாது. குட்டிப் பருவம் கழிந்ததும் கயிறு போய்விடும். களத்துமேடு, கண்மாய்க்கரை, தோட்டம் என்று பகலெல்லாம் சுற்றும். ஆடு மேய்க்கப் போனவனோடு போய், பொழுது சாய அவனோடு திரும்பும். வீட்டில் எந்நேரமும் யாராவது இருப்பார்கள். தனிமை என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. இன்று ஏழாவது மாடியில், குளிரூட்டிய அறையில், காலை எட்டு மணிக்குப் பூட்டிய கதவு இரவு எட்டு மணிக்குத் திறப்பதற்காகக் காத்துக்கிடக்கும் நாயோடு ஒப்பிட்டால் அந்தக் கருப்பன் கொடுத்துவைத்தவன்.

பெட்டைக் குட்டிகளின் கதை வேறு. வருஷத்துக்கு இரண்டு ஈற்று போடும், அத்தனை குட்டிக்கும் யார் சோறு போடுவது என்பதுதான் பேச்சு. சாக்குப் பையில் போட்டு, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, ஆற்றுக்கு அக்கரையிலோ சந்தைத் திடலிலோ ரைஸ் மில் பக்கமோ விட்டுவிட்டு வருவார்கள். வழி கண்டுபிடித்துத் திரும்பிவிடக் கூடாதென்று சுற்றுவழியாகப் போவதும் உண்டு. பாவம், பாவம் என்று சொல்லிக்கொண்டேதான் செய்தார்கள். கால்நடை ஆஸ்பத்திரிக்கு மாட்டையும் ஆட்டையும் தவிர வேறெதையும் ஓட்டிப் போகாத ஊர்களில், நாய்க்கும் கருத்தடை உண்டு என்று யார் கண்டார்கள்?

ஊசியும் அப்படித்தான். நாய்க்கு ஊசி கிடையாது. நாய் கடித்த மனிதனுக்குத்தான் ஊசி. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு என்று சொல்லும்போதே பெரியவர்கள் வயிற்றைத் தடவிக்கொள்வார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த செம்பிள் மருந்து அது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் பெயர் தென்னிந்தியக் கிராமங்கள் வரை தெரிந்திருந்ததற்கு நாய்க்கடியே காரணம். அந்த மூளைத்திசு மருந்தின் உற்பத்தி இந்தியாவில் நின்றது 2004-இல்தான். இப்போது கையில் சில ஊசிகளோடு முடிகிறது. நாய்க்கு வருஷம் ஒரு ஊசி போட்டுவிட்டால் வீட்டு நாயிடமிருந்து வெறிநோய் வருமோ என்ற பயம் பெரிதும் குறையும்.

பட்டணத்துக்கு நாய் வேறு வழியாக வந்தது. பங்களாவில் அல்சேஷன், டாபர்மேன். கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை. நாய் செத்துப் பல வருஷம் ஆனபிறகும் பலகை மட்டும் காவல் காக்கும். அரசு ஊழியர் குடியிருப்புகளில் வெள்ளை வெளேரென்ற பொமரேனியன். 1985 மே மாதம் எரிந்துபோகும் வரை, சென்னை மூர் மார்க்கெட்டுக்குப் பழைய புத்தகம் தேடிப் போனவர்கள் முயல், புறா, கிளி விற்கும் இடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திரும்புவார்கள். பிறகு பிராட்வேயில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. அங்கே நாய்க்குட்டிக்கு எத்தனை நாள் வயசு, தாய் எங்கே, என்ன ஊசி போட்டிருக்கிறது என்பதை விற்பவரும் சொல்லமாட்டார், வாங்குபவரும் கேட்கமாட்டார். பேரம் மட்டும் நடக்கும். 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவனின் பின்னாலேயே நடந்தது. அடுத்த சில ஆண்டுகள், சுருங்கிய மூஞ்சிப் பக் இல்லாத அடுக்ககம் அரிது. தட்டை மூக்கோடு பிறந்த அந்த இனம் சென்னை வெயிலில் மூச்சுக்குத் திணறும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. அதன் வேலை அதுவல்லவே.

யாரும் வாங்காத, யாரும் வளர்க்காத நாய்களுக்கு நாய் வண்டி இருந்தது. மாநகராட்சி ஆட்கள் சுருக்குக் கம்பியோடு தெருவில் இறங்கினால் வீட்டு நாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். கழுத்தில் ஏதாவது இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, தெருவுக்குப் பொதுவான நாய்க்குக்கூட யாராவது பழைய பெல்ட்டைக் கட்டிவிடுவார்கள். பிடிபட்டவை பேசின் பிரிட்ஜ் பட்டிக்குப் போகும். அங்கே மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதுதான் நடைமுறை. சென்னையில் இந்தக் கொலை 1860-இல் தொடங்கியது என்றும், 1995 வாக்கில் நாளொன்றுக்கு 135 வரை போனது என்றும் விலங்குநலச் சங்கமான ப்ளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். 1970-களில் இப்படிச் செத்த நாய்களின் தோல் அவ்வளவு குவிந்ததால், அதில் கழுத்து டையும் மணிபர்சும் செய்து பார்த்தார்களாம். இதுவும் அவர் பதிவு செய்ததே. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. ஒரு தெருவில் நாலு நாயைப் பிடித்துக் கொன்றால் அங்கே கிடக்கும் எச்சில் சோற்றுக்கு அடுத்த தெருவிலிருந்து நாலு நாய் வரும். குப்பைத்தொட்டி காலியாகாத வரை அந்த இடமும் காலியாகாது.

இதற்கு மாற்று உண்டு என்று முதலில் சொன்னவர்களும் இந்த நகரத்துக்காரர்களே. விமானி கேப்டன் வி. சுந்தரமும், அவரைப் போலவே விமானம் ஓட்டிய அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959-இல் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளைத் தங்கள் தி. நகர் வீட்டுக்கு எடுத்துவந்ததில் தொடங்கியது ப்ளூ கிராஸ். 1964-இல் பதிவான சங்கம், கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று மாநகராட்சியிடம் கேட்டது. பலிக்கவில்லை. 1966-இல் தானே தொடங்கியது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-இல். ஒரே கோரிக்கையோடு முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தின் படியேறியவர்களின் பொறுமையை என்னவென்று சொல்வது! 2001-இல் அதுவே நாட்டுக்கு விதியானது: தெருநாயைப் பிடி, கருத்தடை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. காதின் நுனியில் சிறு வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

இன்றைய தத்து முறை இந்தப் பின்னணியில்தான் வளர்ந்தது. ஆரோக்கியமான தெருநாய் அதன் தெருவுக்கே திரும்பிவிடும். கால் போனது, கண் போனது, தாய் லாரியில் அடிபட்டுச் செத்த குட்டி, வளர்த்தவர் பைபாஸ் ரோட்டில் இறக்கிவிட்டுப் போன லாப்ரடார், இவையெல்லாம் தெருவுக்குத் திரும்ப முடியாதவை. காப்பகத்தில் இடம் கொஞ்சம், வருகிற நாய் நிறைய. வீடு தேடித்தான் ஆக வேண்டும். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தால் ஆறே மாதத்தில் அதே நாய் வேறு தெருவில், பெட்டையாக இருந்தால் வயிற்றில் ஆறு குட்டியோடு நிற்கும். ஆகவே கொடுப்பவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். சந்தையிலும் வைக்கோல் போரிலும் இல்லாத பழக்கம் இது. அன்றுக்கும் இன்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் நாயின் சாப்பாட்டிலோ பெயரிலோ இல்லை, இதில் இருக்கிறது என்பேன்.

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்த விசாரணை பழக்கப்பட்டதாகவே இருக்கும். வீட்டில் எத்தனை பேர்? எல்லாருக்கும் சம்மதமா? பகலில் யார் இருப்பார்கள்? சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் கடிதம் எங்கே? பால்கனியில் கம்பி இருக்கிறதா? கட்டிப்போட்டு வளர்ப்பீர்களா? வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்? இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா, அது எப்படிச் செத்தது? கடைசிக் கேள்வியில் பலர் தடுமாறுவார்கள். ‘காணாமப் போச்சு’ என்ற பதில்தான் தன்னார்வலர்களுக்குப் பிடிக்காத பதில்.

வீட்டைப் பார்த்து வரப் போகும் ஒரு தன்னார்வலப் பெண்ணோடு ஒருமுறை நானும் போனேன். நங்கநல்லூரில் ஓய்வுபெற்ற தம்பதி, பிள்ளை பெங்களூரில். குட்டிதான் வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள். காபி வந்தது. அந்தப் பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பால்கனிக் கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

“பகல்ல வீட்ல யார் இருப்பாங்க சார்?”

“நாங்க ரெண்டு பேரும்தாம்மா. எங்க போகப்போறோம்?”

“பையன் வீட்டுக்குப் போனா?”

பெரியவர் மனைவியைப் பார்த்தார். “பதினைஞ்சு நாள், ஒரு மாசம்னு போவோம். அங்க நாய் வைக்க விடமாட்டான்.”

“குட்டின்னா பதிமூணு, பதினாலு வருஷம் இருக்கும் சார்.”

அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். பெரியவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு சிரித்தார். “எனக்கு எழுபத்தொண்ணு. அது என்னைவிட ரொம்ப நாள் இருக்கும்னு சொல்றே.”

“அப்படி இல்ல சார்...”

“இல்லம்மா, சரியாத்தான் சொல்றே.”

அந்த அம்மாள்தான் வழி சொன்னார். “வயசான நாய் இருந்தா குடு. எங்களாலயும் ஓடிப் பிடிக்க முடியாது. ஊருக்குப் போறப்போ கீழ்வீட்டுப் பொண்ணு பாத்துக்குவா, அவளையும் கூப்பிட்டுக் கேட்டுக்கோ.” கீழ்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, கேட்டு, அவள் செல்போன் எண்ணையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் தன்னார்வலர் எழுந்தாள். வாசலில் என்னிடம், “ஆறு வயசுல ஒண்ணு இருக்கு, யாருமே கேக்கல, இவங்களுக்குச் சரியா இருக்கும்” என்றாள்.

இந்த வேலையில் சம்பளம் பெரும்பாலும் கிடையாது. காப்பகத்தில் கூண்டு கழுவுகிறவர், ஆபரேஷன் செய்யும் டாக்டர் போன்ற சிலரைத் தவிர்த்தால், வீடு பார்க்கப் போகிறவர்கள் பலரும் வங்கியிலும் ஐ.டி. கம்பெனியிலும் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுப்பவர்கள்.

விண்ணப்பம் தேறியபின் ஒப்பந்தம். அதில் முக்கியமானவை இரண்டு. குட்டியாகக் கொண்டுபோனால் உரிய வயதில் கருத்தடை செய்துவிட வேண்டும். வளர்ந்த நாயென்றால் அமைப்பே செய்து கொடுத்துவிடும். இரண்டாவது, எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் நாயை அந்த அமைப்பிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். விற்கக் கூடாது, பக்கத்து ஊர் நண்பருக்குத் தாரை வார்க்கக் கூடாது, தெருவில் விடக் கூடாது. ஓர் அமைப்பின் யோக்கியதையை அளக்க இந்த இரண்டாவது நிபந்தனை ஒன்று போதும். நாயைக் கையில் கொடுத்ததோடு கைகழுவுகிறவர்கள் எத்தனை அழகான படம் போட்டாலும் அவர்களை நம்பாதீர்கள்.

நல்ல அமைப்பு நாயின் குறையை மறைக்காது. இது பூனையைக் கண்டால் விரட்டும், அது ஆண்குரல் உயர்ந்தால் கட்டிலடியில் ஒளியும், இதற்கு டிஸ்டெம்பர் வந்து பிழைத்ததில் ஒரு கால் துடித்துக்கொண்டே இருக்கும் என்று முன்பே சொல்லிவிடும். தடுப்பூசி அட்டையைக் கையில் தரும். குடற்புழு மருந்து எப்போது கொடுத்தது, பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான ஊசி எத்தனை ஆயிற்று, வெறிநோய் ஊசி அடுத்து எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் தன் வீடு என்ற நினைப்பு என்று அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பழைய ஊரில் மூன்றாம் நாளே வாலாட்ட வேண்டும். இங்கே மூன்றாம் நாள் அது சாப்பிடாமல் மூலையில் கிடந்தால்கூட, பொறுங்கள் என்று போனில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். என் பங்குக்கு ஒன்று சேர்த்துச் சொல்வேன்: தீபாவளி வாரத்தில் புது நாயை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்க்குப் பழகாத தெருவில் வீடு திரும்பும் வழி தெரியாது.

எல்லா அமைப்பும் நியாயமாகக் கேட்கிறது என்று சொல்லமாட்டேன். கல்யாணமாகாதவருக்கு இல்லை, வாடகை வீட்டுக்காரருக்கு இல்லை, அறுபது தாண்டியவருக்கு இல்லை என்று ஒட்டுமொத்தமாகக் கதவடைப்பவர்கள் இருக்கிறார்கள். இது சோம்பேறித்தனம். ஆளைப் பார்த்துக் கேட்பதற்குத்தானே கேள்வி? வாடகை வீட்டில் இருப்பவன் வீடு மாறும்போதெல்லாம் நாயை ஏற்கும் வீடாகத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். சொந்தப் பங்களாக்காரர் வெளிநாடு போகும்போது நாயைக் காவலாளியிடம் விட்டுவிட்டு மறந்ததையும் பார்த்திருக்கிறேன். அடுக்ககச் சங்கங்களின் கெடுபிடி இன்னொரு தொல்லை. நாய் வளர்ப்பதைச் சங்கம் தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஆனாலும் லிஃப்டில் ஏற்றாதே என்ற காகிதம் இன்றும் பல கட்டடங்களில் ஒட்டியிருக்கிறது.

இன்னொரு பக்கம், தத்து என்ற நல்ல பெயரையே போர்வையாக்கிக்கொண்ட வியாபாரம். ‘இலவசத் தத்து, வண்டிச் செலவு மட்டும்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஷிட்ஸூ குட்டிக்கு வண்டிச் செலவு ஆயிரக்கணக்கில் போகும். தாயைக் காட்டமாட்டார்கள், அட்டை இருக்காது, இடத்துக்கு வரச் சொல்லமாட்டார்கள்; பஸ் ஸ்டாண்டில் அட்டைப்பெட்டியோடு வந்து நிற்பார்கள். பழைய பிராட்வேயே மேல் என்று தோன்றிவிடும், அங்கே குட்டியையாவது கண்ணால் பார்த்து வாங்கலாம்.

ஆசைப்பட்டு வாங்கி அலுத்துப்போய் விடுவது புதிதல்ல. ஆனால் 2020-க்குப் பிறகு அதன் வேகம் கூடியது. ஊரடங்கின் தொடக்கத்தில் வீட்டுப் பிராணியால் கொரோனா பரவும் என்ற வதந்தியில் தெருவுக்கு வந்த நாய்கள் ஒரு கூட்டம். பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றானதும், பொழுது போக நாய் வாங்கியவர்கள் ஒரு கூட்டம். அலுவலகம் திறந்தது. அப்போதுதான் நாய்க்குப் பன்னிரண்டு மணி நேரத் தனிமை என்றால் என்னவென்று தெரிந்தது. சோபா கிழிந்தது, பக்கத்து வீட்டில் புகார் வந்தது, காப்பகங்களுக்குப் போன் வந்தது. கம்பளிபோல் முடி வைத்த சைபீரியன் ஹஸ்கியைச் சென்னைக்கு வாங்கி வந்தவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. பக், ஹஸ்கி, சௌசௌ போன்ற இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாதென்று 2024-இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை அறிவித்ததே இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் இருக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று இந்த மண்ணுக்கென்றே உருவான நாய்கள் இருக்கின்றன. அவற்றையும் ஓடுவதற்கு இடமில்லாத வீட்டில் அடைத்தால் அதே கதைதான். காப்பகத்தில் கிடக்கும் சாதாரணத் தெருநாய்க்கு இந்த வெயிலும் தெரியும், மழையும் தெரியும், தயிர் சாதமும் ஒத்துக்கொள்ளும்.

தெருநாய் என்ற பேச்சே இப்போது ஊரை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. 2025 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதியின் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோயுள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்ற உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 22 உத்தரவில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு: தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. கடிபட்ட குழந்தைகளின் பெற்றோர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சோறு வைப்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. என்றாலும் வருஷக்கணக்காகச் சோறு வைத்தும் ஒரு நாய்க்குக்கூடக் கருத்தடைக்கு ஏற்பாடு செய்யாதவரை நாய்ப் பிரியர் என்று என்னால் சொல்ல முடியாது.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். 2025-இல் கட்டணம் 50 ரூபாய். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். அதே ஆண்டு மைக்ரோசிப்பும் சேர்ந்தது, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பும் வந்தது. அரிசி மணியளவுச் சில்லு ஒன்றைத் தோலுக்கடியில் செலுத்திவிடுவார்கள். நாயைக் கைவிட்டால் யார் விட்டது என்று அது சொல்லிவிடும். சைக்கிள் கேரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு சுற்றுவழியாகப் போனவர்கள் இப்போது போனால் அகப்படுவார்கள். கிராமங்களில் இதெல்லாம் இன்னும் இல்லை. அங்கே வைக்கோல் போரும் பிடரியும் அப்படியேதான், பெட்டையைக் கொண்டுபோய் விடுவதும் அப்படியேதான்.

நகரத்துக் காப்பகத்திலும் முழுக்க மாறிவிடவில்லை. தத்து முகாமில் வெளுத்த நிறக் குட்டிகள் முதல் மணி நேரத்திலேயே போய்விடும். கருப்பு நாய் நிற்கும். வளர்ந்த நாய் நிற்கும். ஆபரேஷன் ஆகிவிட்டது, இனிக் குட்டி போடாது என்று எத்தனை சொன்னாலும், பெட்டையா என்று கேட்டுவிட்டு நகர்ந்து போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்த, வளர்ந்த கருப்புப் பெட்டை நாய்க்குக் காப்பகத்தில் ஆயுள் தண்டனை என்றுதான் தன்னார்வலர்கள் கணக்கு வைக்கிறார்கள்.

கைவிடுவதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது அதன் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். இதைக் கூட்ட வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை. நாய் உரிமத்துக்கு 2025-இல் வாங்கிய அதே 50 ரூபாயைக் கட்டினால், அதை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்ட குற்றமும் தீர்ந்துவிடும். ஆகவே நாய் கேட்டு விண்ணப்பித்த உங்கள் வீட்டுக்கு யாராவது வந்து, பால்கனிக் கம்பியை ஆட்டிப் பார்த்து, போன நாய் எப்படிச் செத்தது என்று கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். சட்டம் செய்யாத வேலையை அவர் தன் பஸ் காசைச் செலவழித்துச் செய்கிறார்.